நீங்கள் அடிக்காத மருந்து ஆய்வறிக்கையில் வருவது எப்படி?

ஏற்றுமதிக்கு மிளகாய் எடுக்கும் வியாபாரி ஒருநாள் ஒரு தாளை உங்கள் முன் நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மெத்தமிடோபாஸ் 0.04 பி.பி.எம்." என்று அதில் அச்சடித்திருக்கிறது. சரக்கு வேண்டாம் என்கிறார், அல்லது பாதி விலைக்குக் கேட்கிறார். நீங்கள் அந்த மருந்தின் பெயரையே கேள்விப்பட்டதில்லை. உரக்கடையில் அப்படி ஒரு டப்பாவை வாங்கியதும் இல்லை. மாதிரியை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

மாதிரி மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் சண்டைக்குப் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தச் செடிக்கு அசிபேட் அடித்தீர்களா? அடித்திருந்தால் மெத்தமிடோபாஸ் உங்கள் டேங்கிலிருந்துதான் வந்திருக்கிறது. அசிபேட்டின் மூலக்கூறு எடை 183. செடிக்குள் போனபின் அதிலிருந்து அசிட்டைல் என்ற பகுதி கழன்றுவிடுகிறது. எடையில் 42 குறைகிறது. மிஞ்சும் 141 எடையுள்ள பொருளுக்குத்தான் மெத்தமிடோபாஸ் என்று பெயர். பூச்சியின் உடம்புக்குள்ளும் இதுதான் நடக்கிறது. அசிபேட் பூச்சியைக் கொல்வதே பெரும்பாலும் இந்த மாற்றத்தால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அசிபேட் நடுத்தர நஞ்சு. அதிலிருந்து பிறக்கும் மெத்தமிடோபாஸ் கடும் நஞ்சு. அதனால் ஆய்வுக்கூடங்கள் இதைத் தனியாகத் தேடுகின்றன.

பஞ்சாப் அரசு 2022-ல் பாசுமதி நெல்லுக்கு 10 மருந்துகளை 60 நாட்களுக்கு விற்கக்கூடாது, அடிக்கக்கூடாது என்று ஆணையிட்டபோது, அந்தப் பட்டியலில் அசிபேட்டையும் போட்டது, மெத்தமிடோபாஸையும் போட்டது.

இந்த வாரம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் இந்த உடைதல்தான். மருந்து மூன்று இடங்களில் உடைகிறது. வயலில் தானாக உடைகிறது. ஆய்வுக்கூடத்தில் கருவிக்குள் வேண்டுமென்றே உடைக்கிறார்கள். இப்போது கணினியிலும் மென்பொருளை வைத்து உடைத்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது வந்தபிறகு, "பட்டியலில் இல்லாத மருந்துதானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்" என்ற பேச்சுக்கு மதிப்புக் குறைந்துகொண்டே வருகிறது.

0.01 என்றால் எவ்வளவு?

ஐரோப்பிய ஒன்றியத்தில் தனியாக வரம்பு சொல்லப்படாத எந்த மருந்துக்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நாம் பி.பி.எம். என்று சொல்லும் அளவும் இதுவும் ஒன்றே. 100 டன் நெல்லில் ஒரே ஒரு கிராம் மருந்து இருந்தால் அது 0.01 பி.பி.எம். பத்து டன் ஏற்றிய லாரி பத்து நிற்கிறது, அத்தனையிலும் சேர்த்து ஒரு கிராம். இதைத் தேடித்தான் கருவி போகிறது. டேங்கைச் சரியாகக் கழுவாமல் அடுத்த மருந்தைக் கலக்கினாலே சில பயிர்களில் இந்த அளவைத் தொட்டுவிடலாம். பக்கத்து வயலில் காற்றடிக்கும் நேரத்தில் அடித்தாலும் அப்படித்தான்.

நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு நிர்ணயிக்காத மருந்துகளுக்கு 0.01 என்றுதான் வைத்திருக்கிறது. மசாலாப் பொருட்களிலும் மூலிகைகளிலும், இந்தியாவில் பதிவில்லாத மருந்துகளுக்கு மட்டும் 2024 ஏப்ரலில் அதை 0.1 ஆக உயர்த்தியது. இது பலத்த விமர்சனத்துக்கு உள்ளானது. உள்நாட்டு வரம்பு பத்து மடங்கு தளர்ந்ததால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் எதுவும் தளராது. அங்கே அவர்கள் வரம்புதான். விவசாயிக்கு இதில் லாபம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே வயலில் விளைந்த மல்லிக்கு இரண்டு அளவுகோல் என்ற குழப்பம்தான் மிச்சம்.

கருவி என்ன செய்கிறது?

பழைய இரும்புக் கடைக்காரரைப் பார்த்திருப்பீர்கள். பிரித்துப் போட்ட மோட்டாரின் இம்பெல்லரையும் ஷாஃப்ட்டையும் பார்த்த உடனே எந்தக் கம்பெனி மோட்டார், எத்தனை எச்.பி. என்று சொல்லிவிடுவார். முழு மோட்டாரையும் காட்ட வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் இதுவே.

முதலில் உங்கள் மாதிரியை மிக்சியில் அரைத்து, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் கலக்கி, உப்புச் சேர்த்துச் சுழற்றி, மருந்து இருக்கும் சாற்றை மட்டும் பிரிக்கிறார்கள். அந்தச் சாறு ஒரு மெல்லிய குழாய் வழியே போகிறது. ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு நேரத்தில் வெளியே வரும். ஒன்று நான்காவது நிமிடம், இன்னொன்று ஒன்பதாவது நிமிடம் என்று. வெளியே வந்ததும் மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து எடை போடுகிறார்கள். இதில் பொதுவாக எடை ஒன்று கூடும். எனவே 191 எடையுள்ள கார்பன்டசிம் கருவிக்குள் 192 ஆகத் தெரியும்.

192 எடையுள்ள பொருள் உலகத்தில் எத்தனையோ இருக்கும். எடையை மட்டும் வைத்து இதுதான் கார்பன்டசிம் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த 192-ஐ மட்டும் தனியே பிடித்து, வாயு நிரம்பிய ஓர் அறைக்குள் வேகமாக மோதவிடுகிறார்கள். மோதி உடைகிறது. துண்டுகளை மறுபடி எடை போடுகிறார்கள். கார்பன்டசிம் என்றால் 160 எடையில் ஒரு துண்டும் 132 எடையில் ஒரு துண்டும் வரும். 192-க்கும் 160-க்கும் வித்தியாசம் 32. கழன்று விழுந்தது மெத்தனால், விஷச்சாராயச் சாவுகளில் பேர் அடிபடும் அதே மெத்தனால். நெல்லில் குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் 190-ல் தெரியும். உடைத்தால் 163, அதன்பின் 136. இரண்டு முறையும் 27, 27 ஆகக் கழல்வது ஹைட்ரஜன் சயனைடு. குருணை மருந்தாக நமக்குப் பழக்கமான கார்போபியூரான் 222-லிருந்து 165 ஆகிறது. அந்த 57 எடையுள்ள துண்டுக்கு மீத்தைல் ஐசோசயனேட் என்று பெயர். 1984-ல் போபாலில் கசிந்த வாயு அது. அங்கே அதை வைத்துத் தயாரித்தது கார்பரில் என்ற மருந்து. கார்பரிலை நம் நாட்டில் 2018-ல் தடை செய்தார்கள்.

பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் துண்டுகள் கருவிக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில் பிரிகின்றன. எந்த மருந்து எங்கே முறியும் என்பது அதன் கட்டமைப்பைப் பொறுத்தது, அதை மறைக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு சந்தேகம் வரலாம். அசிபேட் கருவிக்குள் உடைந்ததைப் பார்த்துவிட்டு, வயலிலேயே மெத்தமிடோபாஸ் இருந்தது என்று தப்பாக எழுதிவிட மாட்டார்களா? நல்ல கேள்வி. இங்கேதான் அந்த மெல்லிய குழாயின் நேரக்கணக்கு உதவுகிறது. வயலிலேயே உண்டான மெத்தமிடோபாஸ், குழாயில் தன் சொந்த நேரத்தில் தனியாக வரும். கருவிக்குள் அசிபேட்டிலிருந்து பிய்ந்த துண்டு என்றால், அது அசிபேட் வரும் அதே நேரத்தில்தான் தெரியும். ஒழுங்கான ஆய்வுக்கூடம் இதைப் பிரித்துப் பார்க்கும்.

மென்பொருள் எங்கே வருகிறது?

சில வருடங்களுக்கு முன்புவரை ஆய்வுக்கூடம் தன் பட்டியலில் உள்ள மருந்துகளை மட்டும்தான் தேடும். ஒவ்வொரு மருந்தின் சுத்தமான மாதிரியை விலைகொடுத்து வாங்கி, கருவியில் போட்டு, என்னென்ன துண்டு வருகிறது என்று குறித்து வைத்திருப்பார்கள். உங்கள் மாதிரியில் அதே துண்டுகள் வந்தால் "உண்டு". பட்டியலில் இல்லாத மருந்து எவ்வளவு இருந்தாலும் அறிக்கையில் வராது.

அதனால் அடிபட்டவர்கள் மகாராஷ்டிரத் திராட்சை விவசாயிகள். 2010-ல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சையில் குளோர்மெக்குவாட் குளோரைடு என்ற வளர்ச்சி ஒழுங்குபடுத்தி இருப்பதாக அங்கே கண்டுபிடித்தார்கள். அங்கே வரம்பு 0.05 பி.பி.எம். இங்கே ஏற்றுமதிக்கு முன் சோதித்த பட்டியலில் அந்தப் பொருள் இல்லை. இந்தியச் சான்றிதழ் சுத்தமாக இருந்தது, பழம் துறைமுகத்தில் நின்றது. நஷ்டம் கடைசியில் யார் தலையில் வந்து விழுந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியல் என்ற வேலியைத் தாண்ட வந்ததுதான் மூலக்கூறைத் துண்டாக்கும் மென்பொருள். ஒரு மருந்தின் கட்டமைப்புப் படத்தைக் கணினிக்குக் கொடுத்தால், எந்தெந்தப் பிணைப்பு முறிந்தால் என்னென்ன எடையில் துண்டு வரும் என்று அது ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்துச் சொல்லிவிடும். சுத்தமான மருந்து கையில் இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரத்துத் தாவர உயிர்வேதியியல் நிறுவனத்தில் உருவான மெட்ஃப்ராக் 2010-ல் வெளியானது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சி.எஃப்.எம்.-ஐடி, ஏற்கெனவே உடைத்துப் பார்த்த ஆயிரக்கணக்கான பொருட்களிலிருந்து கற்றுக்கொண்டு, எந்தப் பிணைப்பு முறிய வாய்ப்பு அதிகம் என்று கணிக்கிறது. ஜப்பானில் தொடங்கிய மாஸ்பேங்க், உடைந்த துண்டுகளின் எடைகளை ஒரு நூலகம் போலச் சேர்த்து வைத்திருக்கிறது. மூன்றையும் இணையத்தில் யாரும் பயன்படுத்தலாம்.

இதனால் என்ன மாறியது? கருவியில் பெயர் தெரியாத ஒரு சிகரம் தெரிகிறது என்று வையுங்கள். முன்பு அதை விட்டுவிடுவார்கள். இப்போது அதன் எடையைக் கொடுத்தால், அந்த எடைக்குப் பொருந்தும் பொருட்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் கணினியிலேயே உடைத்து, வந்த துண்டுகளோடு பொருத்தி, "இது இதுவாக இருக்கலாம்" என்று வரிசைப்படுத்தித் தருகிறது. தாய் மருந்து மட்டும் இல்லாமல், அது செடியில், மண்ணில், வெயிலில் மாறி உண்டான பிள்ளைகளையும் இப்படித் தேட முடிகிறது.

ஆனால் இது கணிப்பு. சில மூலக்கூறுகள் உடையும்போது அணுக்கள் இடம் மாறிக்கொள்ளும், அதை மென்பொருள் தவறவிடும். ஒரே மாதிரித் துண்டு தரும் இரண்டு பொருட்களைப் பிரிக்கத் தெரியாமல் விழிக்கும். அதனால் மென்பொருள் சொன்னதை மட்டும் வைத்து ஒரு சரக்கை நிராகரிப்பது முறையல்ல. சுத்தமான மருந்தை வாங்கிப் போட்டு உறுதி செய்த பிறகுதான் அது தீர்ப்பு. அதுவரை சந்தேகம்தான். ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதில் தெளிவாக இருக்கிறது. குறைந்தது இரண்டு துண்டுகள் பொருந்த வேண்டும். இரண்டுக்கும் உள்ள விகிதம் சுத்தமான மருந்தோடு ஒப்பிட்டால் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குழாயில் வந்த நேரம் 0.1 நிமிடத்துக்கு மேல் மாறக் கூடாது.

பிள்ளை மருந்துகளை அறிந்து வையுங்கள்

அசிபேட் கதை அதோடு முடியவில்லை. டைமெத்தோயேட் அடித்தால் ஓமெத்தோயேட் வரும். தாயைவிடப் பிள்ளைக்கு நஞ்சு அதிகம். தயோபனேட் மீத்தைல் அடித்தால் அது செடியில் கார்பன்டசிமாக மாறும். "கார்பன்டசிம் வேண்டாம் என்று ஏற்றுமதியாளர் சொன்னார், அதனால் இதை அடித்தேன்" என்று சொன்னால் எடுபடாது. கார்போசல்பான் அடித்தால் கார்போபியூரான் வரும். பிப்ரோனில் அடித்தால் அதிலிருந்து வரும் சல்போன், தாயைவிட நீண்ட நாள் தங்கும். பிப்ரோனிலையும் சல்போனையும் கூட்டித்தான் ஐரோப்பாவில் வரம்பைப் பார்க்கிறார்கள். தாய் குறைந்துவிட்டதே என்று நினைத்து அறுத்தால், கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும்.

லேபிளில் அறுவடைக்கு முன் காத்திருக்கும் நாட்கள் என்று ஓர் எண் போட்டிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை, படிப்பவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அந்த நாட்கள் நம் நாட்டு வரம்புக்குக் கணக்கிட்டது, அதுவும் லேபிளில் போட்டிருக்கும் பயிருக்கு மட்டும். பருத்திக்குச் சிபாரிசு செய்த மருந்தைக் கறிவேப்பிலைக்கு அடித்துவிட்டு அந்த நாட்களை எண்ணினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் கறிவேப்பிலை போட்டிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். இந்தப் பயிருக்கென்று சிபாரிசு பெற்ற மருந்துகள் மிகக் குறைவு. இலையை அப்படியே பறித்து விற்கிறோம், தோல் உரிப்பதில்லை. இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலை, வெண்டை, முருங்கைக்காய் ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தின் கூடுதல் சோதனைப் பட்டியலில் இடம்பெற்று வந்திருப்பதற்குக் காரணமும் மருந்து எச்சம்தான்.

கடையில் பிராண்டு பெயரைச் சொல்லிக் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டப்பாவில் சின்ன எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயரைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆய்வறிக்கையில் வருவது அந்தச் சின்ன எழுத்துப் பெயர்தான். இரண்டு பிராண்டை மாற்றி மாற்றி அடித்ததாக நினைப்போம், இரண்டிலும் ஒரே மருந்து இருக்கும்.

தடைப்பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2023-ல் மத்திய அரசு டைகோபால், டைனோகேப், மெத்தோமில் மூன்றையும் தடை செய்தது. மோனோகுரோட்டோபாஸ் 36 சதத் திரவத்தைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. பழைய இருப்பைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள்.

"பயோ" பாட்டில்களில் என்ன இருக்கிறது?

விவசாயி தெரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான் அதிகம் என்பது என் கருத்து.

2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் முட்டையில் பிப்ரோனில் இருப்பது தெரியவந்தது. முட்டையிடும் கோழிக்கு அந்த மருந்து அங்கே அனுமதி இல்லாதது. விசாரித்தால், கோழிச் செள்ளுக்கு யூகலிப்டஸ், மென்தால் கலந்த மூலிகைத் திரவம் என்று சொல்லிப் பண்ணைகளில் அடித்ததில் பிப்ரோனிலைக் கலந்திருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைகள் பூட்டப்பட்டன. லட்சக்கணக்கான முட்டைகள் அழிக்கப்பட்டன. பண்ணைக்காரர்களில் பலர், மூலிகை என்று நம்பித்தான் அடிக்கவிட்டோம் என்றார்கள். கோழியின் உடம்பில் பிப்ரோனில் சல்போனாக மாறி முட்டைக்குள் போகிறது. துண்டுகளை எடைபோட்ட கருவி அதைக் காட்டிக்கொடுத்தது.

நம் ஊரில் இதற்கு ஒப்பான இடம் வளர்ச்சி ஊக்கி, உயிரி ஊக்கி என்று விற்கும் பாட்டில்கள். 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிரி ஊக்கிகளைக் கொண்டுவந்தபோது, அவற்றில் பூச்சிமருந்து 0.01 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக்கூடாது என்று எழுதினார்கள். அதுவரை கட்டுப்பாடே இல்லாமல் விற்ற ஆயிரக்கணக்கான பொருட்களுக்குத் தற்காலிக அனுமதி கொடுத்து, அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். அந்த அனுமதியும் 2025 ஜூன் 16-ஓடு முடிந்தது. இப்போது ஆணையில் முறையாகச் சேர்க்கப்பட்டவை மட்டும்தான் விற்கலாம். கடை அலமாரியில் அப்படி இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

ஒரு பாட்டில் "முழுக்க இயற்கை" என்று சொல்லிக்கொண்டு, அடித்த இரண்டு மணி நேரத்தில் பூச்சியைக் கொட்டவைத்தால் சந்தேகப்படுங்கள். வேப்பெண்ணெயோ பூச்சியைத் தாக்கும் பூஞ்சையோ அப்படி வேலை செய்யாது. வேப்பெண்ணெய் பூச்சியைத் தின்னவிடாமல் மெதுவாக அடக்கும். பூஞ்சைக்கு நாட்கள் வேண்டும். உடனே கொட்டினால் உள்ளே வேறு என்னமோ இருக்கிறது. முன்பெல்லாம் அந்த "என்னமோ" என்னவென்று கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் பட்டியலில் எதைத் தேடுவது என்றே தெரியாது. துண்டாக்கும் மென்பொருள் வந்தபிறகு அந்தத் தேடல் சாத்தியமாகியிருக்கிறது. இங்கே மென்பொருள் விவசாயிக்கு எதிரியில்லை, கலப்படக்காரருக்குத்தான் எதிரி. ஆனால் பாட்டிலின் கடைசிக் கொஞ்சமும் பில்லும் உங்கள் கையில் இருந்தால்தான் அது உங்களுக்கு உதவும். இயற்கை விவசாயச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பாட்டிலிலும் 50 மில்லி மிச்சம் வைத்து, தேதி எழுதி, பூட்டி வையுங்கள்.

விவசாயி அடிக்காமலே வரும் எச்சமும் உண்டு. 2020-ல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஐரோப்பாவில் பிடித்தார்கள். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கில் இந்திய மசாலாப் பொடிகளில் அதையே பிடித்தார்கள். இது கிருமி நீக்கக் கிடங்கில் அடிக்கும் வாயு. வயலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாயு பறந்துபோனாலும் அது மாறி உண்டாகும் 2-குளோரோஎத்தனால் தங்கிவிடும், ஐரோப்பியச் சட்டம் இரண்டையும் கூட்டித்தான் பார்க்கிறது. உங்களிடம் வாங்கிய எள்ளில் இது வந்திருக்கிறது என்று யாராவது விலையைக் குறைத்தால், அது வயலில் உண்டாகாது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

"நமக்கு ஏற்றுமதி இல்லையே"

உழவர் சந்தைக்குப் போடுகிறவர்களும் இதைப் படிக்கத்தான் வேண்டும். 2015-ல் தமிழகக் காய்கறிகளில் மருந்து எச்சம் இருப்பதாகக் கேரளம் பிரச்சினை எழுப்பியதும், அதிகாரிகள் வந்து பார்த்ததும், லாரிகள் நின்றதும் ஒட்டன்சத்திரம் பக்கம் பலருக்கு நினைவிருக்கும். மத்திய அரசின் எச்சக் கண்காணிப்புத் திட்டத்தில் நாடு முழுவதும் சந்தைகளிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வுக்கூடத்திலும் இந்த வகைச் சோதனை நடக்கிறது.

எனக்குள்ள குறை ஒன்றுதான். மாதிரி உங்கள் வயலிலிருந்து போகிறது, அறிக்கை வியாபாரியிடம் போகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சொல்வதுதான் உங்களுக்குத் தெரியும். அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். கொடுத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். மாதிரி எண் உங்களுடையதா? கண்ட அளவு எவ்வளவு, ஒப்பிட்ட வரம்பு எந்த நாட்டினுடையது? அளவீட்டு நிச்சயமின்மை என்று ஒரு சதவீதம் போட்டிருக்கிறதா?

மூன்றாவது பெரிய விஷயம். எந்தக் கருவியும் துல்லியமாக ஒரே எண்ணைத் தராது. ஐரோப்பிய அதிகாரிகள் இதற்குப் பொதுவாக 50 சதவீதம் விட்டுக்கொடுக்கிறார்கள். வரம்பு 0.01, அறிக்கையில் 0.018 என்றால், பாதியைக் கழித்தால் 0.009. வரம்புக்குள் வந்துவிடுகிறது, அரசு நடவடிக்கை எடுக்காது. நாம் தொடக்கத்தில் பார்த்த 0.04-ல் பாதி கழித்தாலும் 0.02. 0.01 வரம்புள்ள பொருளில் அது தப்பாது. இது அதிகாரிகளின் கணக்கு. தனியார் ஏற்றுமதியாளர்கள் இந்தச் சலுகையைத் தரமாட்டார்கள், 0.011 என்றாலே வேண்டாம் என்பார்கள். அது அவர்கள் இஷ்டம். ஆனால் "சட்டப்படி விற்கவே முடியாத சரக்கு" என்று சொல்லி விலையைப் பாதியாக்கினால் அது பேரம், சட்டம் இல்லை. வித்தியாசம் தெரிந்தால்தான் பேச முடியும்.

"இருக்கலாம்" என்று மட்டும் எழுதியிருக்கும் அறிக்கை வந்தால், சுத்தமான மருந்தை வைத்து உறுதி செய்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது மென்பொருளின் ஊகம், இன்னொரு சோதனை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தனியாளாகச் சோதனை செய்வது கட்டுப்படியாகாது. ஒரு மாதிரிக்கே ஆயிரக்கணக்கில் ஆகிவிடும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருப்பவர்கள், ஒரே பயிர், ஒரே மருந்து, ஒரே வாரத்தில் அறுவடை என்று இருக்கும் பத்துப் பேராகச் சேர்ந்து அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே ஒரு மாதிரி அனுப்புங்கள். ஒருவர் மட்டும் வேறு மருந்து அடித்திருந்தால் பத்துப் பேரும் மாட்டிக்கொள்வார்கள் என்பதால், முதலில் எல்லோரும் நோட்டை எடுத்து வைத்துப் பேசிவிடுங்கள். காய்கறி என்றால் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ, வயலின் பல இடங்களிலிருந்து, கழுவாமல், புதுப் பையில். உரச்சாக்கிலோ மருந்து வைத்த அட்டைப் பெட்டியிலோ போட்டால் நீங்களே எச்சத்தைச் சேர்த்தது போலாகும். வியாபாரி மாதிரி எடுக்கும்போதும் அதே குவியலிலிருந்து இன்னொரு பொட்டலம் கட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு, உங்கள் வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே வைத்தால் அதிலும் மருந்து உடைந்துகொண்டேதான் இருக்கும்.

நோட்டு என்று சொன்னேனே, அதில் ஐந்தே விஷயம் போதும். தேதி, டப்பாவில் உள்ள ரசாயனப் பெயர், ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி, எந்தப் பாத்தி, அன்று பக்கத்து வயலில் யாராவது அடித்தார்களா. பில்லை அதே பக்கத்தில் பின் குத்தி வையுங்கள். மெத்தமிடோபாஸ் என்று தாள் வரும் நாளில், மூன்று வாரத்துக்கு முன் அசிபேட் அடித்தோமா இல்லையா என்று அந்தப் பக்கம் சொல்லிவிடும். அடிக்கவில்லை என்றால் அந்த நோட்டையும் ஃப்ரீசரில் இருக்கும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநரிடம் போங்கள்.